தஞ்சையிலிருந்து வரும் குழுவுக்கு நான்கு நாள் யாழ்ப்பாணச் சுற்றுலா: வழித்தடம் பற்றிக் கருத்துத் தேவை

கல்லுண்டாய்வெளி எழுதியது:

தஞ்சாவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர், வரும் மாசி மாதத்தில் சென்னையிலிருந்து விமானத்தில் பலாலிக்கு வந்து, நான்கு நாள்கள் நம் பக்கத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறார்கள். பெரும்பாலானோர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். இருவருக்கு முழங்கால் வருத்தம் உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் வருவார் என்பது முடிவாகிவிட்டது. எந்த இடங்களுக்கு, எந்த ஒழுங்கில் போவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

நான் வரைந்த திட்டம் இது. முதல் நாள் பொது நூலகம், கோட்டை, நல்லூர்க் கந்தசுவாமி கோவில், மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி. பின்னேரம் கீரிமலையும் காங்கேசன்துறையும். இரண்டாம் நாள் நயினாதீவும் நெடுந்தீவும். மூன்றாம் நாள் கந்தரோடை, நிலாவரை, தொண்டைமானாறு, பருத்தித்துறை, வல்லிபுர ஆழ்வார் கோவில், மணற்காடு. நான்காம் நாள் மன்னார்ப் பக்கம் போய், திருக்கேதீச்சரம், மடு மாதா தேவாலயம், அரிப்பிலுள்ள பழைய மாளிகை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு இரவு திரும்புவது.

இது நடைமுறையில் சாத்தியமா, எதைக் கழிக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாவற்குழிச் சந்தி எழுதியது:

ஐயா, நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்: இரண்டாம் நாளும் நான்காம் நாளும் நடக்காது. முதல் நாள் நடக்கும், ஆனால் கீரிமலையைச் சேரும்போது எல்லோரும் வானுக்குள் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் (கடலின் குறுக்கே போகும் வீதி) வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் போய், குறிகட்டுவான் இறங்குதுறையை அடைவதற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். அங்கிருந்து நயினாதீவு கால் மணித்தியாலப் பயணம். நெடுந்தீவோ கடல் அமைதியாக இருந்தாலும் ஒரு மணித்தியாலம். நெடுந்தீவுப் படகுகள் நகரப் பேருந்தைப் போல ஓயாமல் ஓடுவதில்லை. காலையில் போகும் படகைத் தவறவிட்டால் அந்த நாளே போய்விடும். பின்னேரம் திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவை அங்கேதான் கழிக்க வேண்டும். இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நெடுந்தீவில் காட்டுவது குதிரைகளின் முதுகையும் ஒரு மரத்தையும்தான்.

இன்னொன்று. உங்களுடன் வரப்போகும் வழிகாட்டி எந்த வகை அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, குறித்த தலத்துக்கு மட்டுமான வழிகாட்டி, வாகனத்தை ஓட்டிக்கொண்டே வழிகாட்டும் சாரதி வழிகாட்டி எனப் பல வகையாக அனுமதி வழங்குகிறது. இருபது பேர் கொண்ட குழுவுக்குச் சாரதி வழிகாட்டி பொருந்தாது. வாகனத்தை நிறுத்த இடம் தேடுகிறவர் எப்படிக் கோட்டை மதிலில் நின்று விளக்கம் சொல்வார்?

ரொறன்ரோ வாசகி எழுதியது:

வழிகாட்டி எதற்கு என்பதே என் கேள்வி. சில வருடங்களுக்கு முன்னர் என் பிள்ளைகளுடன் ஊருக்கு வந்தபோது, ஒரு நிறுவனத்தின் ஏற்பாட்டில் வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவில் சேர்ந்தோம். ஒவ்வோரிடத்திலும் கால் மணித்தியாலம். அதற்குள் படம் எடுத்துவிட்டு ஏற வேண்டும். ஆனால் பனம்பொருள் கடையிலும் நகைக்கடையிலும் மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. கோட்டையை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்பதற்கு மேல் அந்த இளைஞருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அதுவும் அரைகுறையான செய்தி என்பதை நூலகத்தில் வாங்கிய சிறு நூலொன்றிலிருந்து என் மகள்தான் கண்டுபிடித்தாள். வருகிறவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். அவர்களே வாசித்துக்கொண்டு வருவார்கள். நல்லதொரு வானும் பொறுமையான சாரதியும் இருந்தால் போதாதா?

நாவற்குழிச் சந்தி எழுதியது:

அக்கா, கடைகளில் கிடைக்கும் தரகுக்காக வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன். அதைத் தடுப்பதற்கு வழி, வழிகாட்டிக்கு ஒழுங்கான நாட்சம்பளத்தைப் பேசி, கடைத்தரிப்பு வேண்டாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான். வழிகாட்டியே வேண்டாம் என்பது வேறு கதை.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1619 அளவில் பிலிப் டி ஒலிவேராவின் கீழ் போர்த்துக்கேயர் நாற்கோணமாகக் கட்டியதை, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் இடித்து ஐங்கோணமாக எழுப்பினார்கள். வெளி அரண் வேலை 1792 வரை நீண்டது. அது முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. இவ்வளவையும் நூலில் வாசிக்கலாம். ஆனால் உள்ளே போனால் கண்ணுக்குத் தெரிவது பற்றைக் காடும் கற்குவியலும்தான். அந்தக் குவியல்களில் எது 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், அது 1990இல் என்ன ஆனது, எந்தக் கல் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதை நின்று காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

செம்மண் தோட்டம் எழுதியது:

புவியியல் கற்பித்தவள் என்ற முறையில் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்களுக்கு நம் வரலாற்றிடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். பெருவுடையார் கோவிலின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு மந்திரிமனை ஒரு பழைய வீடு. அதிலும் இன்று நிற்கும் கட்டடத்தின் அமைப்பு யாழ்ப்பாண அரசர் காலத்துக்குப் பிந்தியது. யமுனா ஏரி பகர வடிவிலுள்ள ஒரு கேணி. கந்தரோடைத் தூபிகள் ஆளுயரத்தைக் கூட எட்டாதவை பல. இவை சிறியவை, சிதறியவை, பெரும்பாலும் உடைந்தவை. இவற்றுக்கு அர்த்தம் கொடுப்பது இடையிலுள்ள நிலம். ஆகவே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில் பேசத் தெரிந்த வழிகாட்டியே உங்களுக்கு வேண்டும். இறங்கிய பிறகு மட்டும் வாய் திறக்கிறவரால் பயனில்லை.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மலை இல்லை, வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அந்த மிதக்கும் நீரைத்தான். நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதற்கு இதுவே காரணம். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்றாகப் பொங்குவதும் இதனால்தான். இராமர் அம்பு விட்ட கதையையும், மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் நீங்கிய கதையையும் கட்டாயம் சொல்லட்டும், அவை அந்த இடங்களுக்கு உரியவை. ஆனால் ஒரே பாறையின் இரண்டு வாய்கள் அவை என்பதைச் சொல்லாமல் விட்டால், பயணிகள் பார்த்தது ஒரு கிணறும் ஒரு குளிக்கும் தொட்டியும் மட்டுமே.

அதே கல்லின் மேல் படிந்த செம்மண்ணில்தான் உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் தோட்டங்கள் இருக்கின்றன. வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் திராட்சையும் அடுத்தடுத்த பாத்திகளில் நிற்பதையும், துலாவும் பட்டையும் நின்ற இடத்தில் இன்று இயந்திரம் நீரிறைப்பதையும், காணி எவ்வளவு சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்பதையும் காவிரிப் படுகையிலிருந்து வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் வாய்க்கால் பாசனத்தை அறிந்தவர்கள். கிணற்றை நம்பி இவ்வளவு நெருக்கமாக ஊர்கள் அமைந்திருப்பது அவர்களுக்குப் புதிது. கோட்டை மதிலும், கந்தரோடைத் தூபியும், பருத்தித்துறைத் தெருமூடி மடமும், நெடுந்தீவு வேலியும் இந்தச் சுண்ணக்கல்லாலும், பவளப்பாறைக் கல்லாகிய முருகைக்கல்லாலும் ஆனவைதான். கடைசியில் அதே கல்லைக் காங்கேசன்துறையில் சீமெந்தாகவும் அரைத்தோம்.

ஆகவே என் ஆலோசனை: இடங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளால் போங்கள்.

கொக்குவில் மேற்கு எழுதியது:

ரீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் ஒழுங்கைக்குள் இருபது பேர் அமரும் வண்டி எப்படித் திரும்பும் என்பதையும் சொல்லியிருக்கலாம். இணுவில் பக்கம் எதிரே ஓர் உழவு இயந்திரம் வந்தால் அன்றைய வகுப்பு அங்கேயே நடக்கும்.

செம்மண் தோட்டம் எழுதியது:

ஒரு பெரிய வண்டிக்குப் பதிலாக இரண்டு வான்கள் எடுக்கலாம். தமிழில் நன்றாகப் பேசக்கூடிய இன்னொருவர் இரண்டாவது வானில் இருந்தால் போதும். வழிகாட்டி நண்பகல் வரை ஒரு வான், பின்னேரத்துக்கு மற்றைய வான் என்று மாறி ஏறிக்கொள்ளலாம்.

தொல்லியல் மாணவி எழுதியது:

கந்தரோடையை மூன்றாம் நாளில் வடமராட்சியோடு, அதாவது பருத்தித்துறைப் பக்கத்தோடு, சேர்த்திருப்பது பொருந்தவில்லை. அது குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் நடுவில், சுன்னாகத்துக்கு அருகில் இருக்கிறது. அதைக் கீரிமலை போகும் நாளோடு இணைப்பதே முறை. வழுக்கையாறு என்று நாம் அழைக்கும் மாரிகால ஓடை அந்தப் பக்கத்து வயல்களின் ஊடாகச் சென்று அராலியில் கடலைச் சேர்கிறது. குடாநாட்டில் ஆறு என்று பெயர் சூட்டத்தக்க ஓடை அது ஒன்றுதான். மிகப் பழைய குடியிருப்பு ஒன்று ஏன் அவ்விடத்தில் அமைந்தது என்ற கேள்விக்கு அந்த ஓடையும் வயலும் பாதிப் பதில் சொல்லிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது, பௌத்தத்துக்கு முந்திய பெருங்கற்காலப் பண்பாட்டின் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரையும் கீழடியையும் பற்றி வாசித்தவர்களுக்கு இது உடனே புரியும். 1980 அளவில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த, எழுத்துப் பொறித்த முத்திரையையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூபிகள் யாருடையவை என்ற வாதம் அங்கே போகும் ஒவ்வொரு குழுவிலும் எழுகிறது. ஒரு பக்கம் வந்தவர் அங்கே தமிழர் எவரும் இருந்ததில்லை என்பார். மறுபக்கம் வந்தவர் அவை தூபிகளே அல்ல என்பார். மணிமேகலை பிறந்த மொழியைப் பேசுகிற நமக்குத் தமிழரிடையே பௌத்தம் இருந்தது என்று சொல்வதில் தயக்கம் எதற்கு? வழிகாட்டி தன் கட்சியைச் சொல்வதற்கு முன், நிலத்தில் என்ன கிடைத்தது என்பதை வரிசையாகச் சொன்னால் போதும். கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுப்பார்கள்.

வல்லிபுரத்திலும் இதே கவனம் வேண்டும். 1936இல் கோவிலுக்கு அருகில் கிடைத்த பொன்னேடு அநுராதபுர மன்னன் வசபனின் காலத்தது, அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அதைப் பற்றி எதுவும் பேசாமல் கோவிலை மட்டும் காட்டிவிட்டு வருவது பெரும் இழப்பு.

மாவிலித்துறை எழுதியது:

நெடுந்தீவைச் சேர்ந்தவன் என்பதால் எங்கள் ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் படகு. குமுதினி நாங்கள் பிறந்த காலத்திலிருந்து ஓடுகிறது. நெடுந்தாரகை பின்னர் வந்தது. இவை ஊர்ச்சனத்துக்கான சேவைகள். ஆசிரியர், தாதியர், நோயாளி, மரக்கறி மூட்டை எல்லாம் இவற்றில்தான் வர வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஒரே நேரத்தில் ஏறினால் எங்கள் ஆட்கள் கரையில் நிற்க நேரிடும். ஆகையால் தனியார் படகு ஒன்றை முன்கூட்டியே பேசி எடுப்பது உங்களுக்கும் வசதி, எங்களுக்கும் உபகாரம். எல்லோருக்கும் பாதுகாப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பின்னரே ஏறுங்கள். முழங்கால் வருத்தமுள்ளவர்கள் படகின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும்; முன்பக்கம் அடிக்கும்.

காற்றைப் பற்றியும் கேட்டறிந்து வாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடை பலமாக வீசும். வைகாசிக்குப் பின் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழுந்தால் ஆவணி வரை கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனிதான் இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான காலம். மாரி மழை நின்று புல் பச்சையாக இருக்கும் காலமும் அதுதான். கோடையில் வந்தால் எங்கள் தீவு எலும்பாகத் தெரியும். ஆனால் மாசியில் ஓர் இடையூறு உண்டு. கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் மாசியிலோ பங்குனியிலோ வரும். அந்த நாள்களில் குறிகட்டுவானில் கால் வைக்க இடமிராது. படகுகளும் கச்சதீவுக்கே போய்விடும். திகதியை முதலில் அறிந்துகொண்டு உங்கள் நாளை வையுங்கள்.

கரையேறியதும் உள்ளூர் வண்டிகள் இருக்கும். பெருக்கு மரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை என்று அழைக்கப்படும் இடிபாடு, புறாக்கூடு, குதிரைகள் மேயும் வெளி, வெடியரசன் கோட்டை என்பதே வழமையான சுற்று. இவற்றில் பெருக்கு மரத்தடியில் அதிக நேரம் போகும், எல்லோரும் அதன் பொந்துக்குள் நின்று படம் எடுக்க விரும்புவார்கள். என்னைக் கேட்டால் அதைவிடச் சாராப்பிட்டிக் கிணறுகளடியில் நில்லுங்கள். உவர் நீர் சூழ்ந்த தீவில் நன்னீர் கிடைக்கும் ஓரிடத்தை நம்பி ஓர் ஊர் எப்படி வாழ்ந்தது என்பது அங்கேதான் தெரியும். கோட்டையைக் கட்டினவர்கள் வந்து போனார்கள். கிணற்றடிக்கு நாங்கள் இன்னமும் போகிறோம்.

குதிரைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்றும், ஒல்லாந்தரும் பின்னர் நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரியும் பெருக்கியவை என்றும் சொல்லப்படுபவற்றின் வழித்தோன்றல்கள் அவை. இன்று அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. வறட்சியில் தண்ணீரில்லாமல் சாகிற குதிரைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிஸ்கட் கொடுத்துக் கிட்ட அழைக்காதீர்கள். துரத்திக்கொண்டு போய்ப் படம் எடுக்காதீர்கள். வேலியிலிருக்கும் முருகைக்கற்களையும் எடுத்துச் செல்லாதீர்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய வேலி அது. ஒன்றை உருவினால் ஒரு முழம் சரியும்.

ரொறன்ரோ வாசகி எழுதியது:

மாவிலித்துறை அண்ணை எழுதியதைப் போல ஒருவர் எங்களுடன் வந்திருந்தால் நான் வழிகாட்டி வேண்டாம் என்று எழுதியிருக்கவே மாட்டேன். அப்படியானால் நாலு நாளும் ஒரே வழிகாட்டி என்பதை விட, அந்தந்த ஊரில் அந்தந்த ஊரவர் ஒருவரைப் பேச வைப்பது நல்லதல்லவா?

நாவற்குழிச் சந்தி எழுதியது:

நல்லதுதான் அக்கா. நானும் அப்படியே செய்வதுண்டு. ஆனால் ஊரவர் ஊரைப் பற்றித்தான் பேசுவார். நயினாதீவையும் மன்னாரையும் ஒரு கயிற்றில் கோப்பதற்கு உடன்வரும் ஒருவர் தேவை. ஊரவருக்கும் அந்த நாளுக்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு தேநீரோடு அனுப்பிவைப்பது முறையல்ல.

நயினாதீவைத் தனியாக ஒரு காலைப் பொழுதில் வையுங்கள் ஐயா. நாகபூஷணி அம்மன் கோவிலையும் நாகதீப விகாரையையும் பார்ப்பது எல்லோரும் செய்வது. வந்திருப்பவர்கள் தமிழ் அறிந்தவர்கள் என்பதால், அங்குள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, வேறு சரக்கென்றால் சரிபாதி என்று அது விதிக்கிறது. பொலநறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் இந்தக் கடலில் வணிகரோடு பேசுவதற்குத் தமிழைப் பயன்படுத்தியிருக்கிறான் என்பதை, அந்த ஊராத்துறையாகிய ஊர்காவற்றுறையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்பது தனி அனுபவம். திரும்பும் வழியில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து பாதையில் காரைநகருக்குக் கடந்தால் கடற்கோட்டையும் நடுக்கடலில் தெரியும். பாதை என்றதும் நடைபாதை என்று தஞ்சைக்காரர் நினைத்துவிடப் போகிறார்கள். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடக்கும் மிதவைதான் அது.

வட்டுக்கோட்டை வாசி எழுதியது:

காரைநகர் வரை வந்தால் பொன்னாலை வழியாக வட்டுக்கோட்டைக்கு வராமல் போகக் கூடாது. கல்லூரி ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு கோட்டை, கோவில், கடற்கரை என்று மட்டும் சுற்றுவது என்ன நியாயம்? அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த ஆண்டில் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலை, மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்த இடம், எல்லாமே சில மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று இன்றும் வாதாடுகிறவர்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது நடந்த ஊரைப் பார்க்கட்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும், கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டி, நிலாவரைக்குப் போகும் வழியில் வருகிறது. வண்டியை அங்கே சற்று மெதுவாக ஓட்டச் சொல்லி இதை நினைவூட்டினால், அந்த ஆசிரியர்கள் கிணற்றை மறந்தாலும் சிறுப்பிட்டியை மறக்க மாட்டார்கள்.

வலி வடக்கு மீள்குடியேறி எழுதியது:

கீரிமலை, காங்கேசன்துறை, மாவிட்டபுரம் பக்கம் வரும் குழுக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீதிகளில் கூரையில்லாத வீடுகளும், ஆலமரம் வேரோடிய சுவர்களும் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பார்த்தவுடன் வண்டியை நிறுத்தி, உள்ளே புகுந்து படம் எடுக்கிறார்கள். அவை தொல்பொருள் அல்ல. உரித்தாளர் உயிரோடிருக்கும் வளவுகள். முப்பது வருடத்துக்கும் மேலாக முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டுத் தம் காணிக்குத் திரும்பி, கிணற்றை இறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், தன் வீட்டுச் சுவரின் முன் அந்நியர் சிரித்துக்கொண்டு நிற்பதைக் காண்கிறார்.

போரைப் பற்றி வழிகாட்டி பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசாமல் குடாநாட்டைக் காட்ட முடியாது. 1981இல் எரிந்த நூலகத்தின் படியில் நின்றுகொண்டு, 1959இல் திறந்த கட்டடம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது பொய்க்குச் சமம். ஆனால் பேசுவதற்குரிய இடம் பொது இடம். ஒருவருடைய முற்றம் அல்ல.

செம்மண் தோட்டம் எழுதியது:

இதை முழுமையாக ஏற்கிறேன். மணற்காட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயம் பார்க்க வேண்டியதுதான். கடற்காற்று மணலைக் குன்றாகக் குவிப்பதையும், அதைக் கட்டுப்படுத்தச் சவுக்கு நட்டிருப்பதையும் அங்கே காட்டலாம். ஆனால் அருகிலேயே 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) இருக்கிறது. மணற்குன்றில் சறுக்கி விளையாடிவிட்டு அப்படியே அதற்குள் ஓடுகிற குழுக்களைக் கண்டிருக்கிறேன். நம் ஆசிரியர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றாலும் வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அடம்பன் விவசாயி எழுதியது:

மன்னாரை ஒரு நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு ஏறி மன்னார் வீதியால் வந்தால் ஒரு வழிக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். பாலம் 2011இல் திறந்ததால்தான் இதுவாவது சாத்தியம்; முன்னர் ஆனையிறவைச் சுற்றித்தான் வர வேண்டும். திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பதிகம் தெரிந்தவர்கள் பாலாவித் தீர்த்தக் கரையில் அமர்ந்து பாடாமல் எழும்ப மாட்டார்கள். அவர்களை நேரத்தைக் காட்டி விரட்ட உங்களுக்கு மனம் வராது. மகா சிவராத்திரியும் மாசியில்தான் வருகிறது. அன்றைக்கு வந்தால் திருவிழா பார்க்கலாம், தலத்தைப் பார்க்க இயலாது.

அரிப்பு மாளிகை ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கடல் அதன் அடியை அரித்துக்கொண்டே போகிறது. இன்றைக்கு நிற்பது சில சுவர்கள்தான். முதியவர்களை விளிம்புக்கு விடாதீர்கள். ஓரிரவு மன்னாரில் தங்கினால், விடியற்காலையில் வங்காலைக் களப்பில் பூநாரைகளையும் பார்க்கலாம். மாசியில் அவை இன்னும் இருக்கும்.

கொக்குவில் மேற்கு எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! மத்தியானத்தில் எல்லோரையும் விடுதிக்குத் திருப்பி அழைத்து வந்தால் பாதி நாள் வீதியில் போய்விடும். அவர்களில் பலர் சைவமாக இருப்பார்கள் என்பதால், நெடுந்தீவுக்குப் போகும் நாளில் கட்டுச்சாதம் கொண்டுபோவதே புத்தி. ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) என்றால் எங்கும் மீனும் நண்டும் போட்டே காய்ச்சுவார்கள். சைவக்கூழ் வேண்டுமென்றால் முதல்நாளே யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். பருத்தித்துறையில் தட்டைவடை வாங்கிக்கொள்ளட்டும், அது ஊர் போய்ச் சேரும் வரை பழுதாகாது.

கல்லுண்டாய்வெளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தஞ்சைக் குழுவினரோடு பேசியதில், ஒரு நாளைக் கூட்டி ஐந்து நாளாக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் மன்னார் தங்கலுக்கு அதுவும் போதாது என்பதால் மன்னாரை வரும் வருடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். திருக்கேதீச்சரத்தை விடுவதில் அவர்களுக்கு மனவருத்தம்தான். இருந்தும் ஓடிப்போய்ப் பார்ப்பதில் அவர்களுக்கும் விருப்பமில்லை.

மாற்றிய ஒழுங்கு இப்படி அமைகிறது. முதல் நாள் பின்னேரம் நூலகமும் கோட்டையும் மட்டும். கோட்டை மதிலில் வெயில் தாழ்ந்த பிறகு நடக்கலாம். இரண்டாம் நாள் காலையில் நல்லூர், பிறகு செம்மண் தோட்டங்களின் ஊடாகச் சுன்னாகம், கந்தரோடை, கீரிமலை. ஆண்கள் மேற்சட்டையின்றியே நல்லூர் ஆலயத்துக்குள் செல்ல வேண்டும் என்பதை முன்னரே தெரிவித்திருக்கிறேன். மூன்றாம் நாள் நெடுந்தீவு மட்டும். நான்காம் நாள் நயினாதீவு, ஊர்காவற்றுறை, பாதையால் காரைநகர், வட்டுக்கோட்டை, மானிப்பாய். ஐந்தாம் நாள் சிறுப்பிட்டி, நிலாவரை, தொண்டைமானாறு, பருத்தித்துறை, வல்லிபுரம், மணற்காடு. மந்திரிமனையையும் சங்கிலியன் தோப்பையும் இறங்காமல் வானிலிருந்தே பார்ப்பதாக முடிவு செய்தோம். யமுனா ஏரியில் மட்டும் விரும்பியவர்கள் இறங்குவார்கள்.

நெடுந்தீவையும் நயினாதீவையும் அடுத்தடுத்த நாள்களில் வைத்திருப்பதால், இரண்டு நாளும் குறிகட்டுவானுக்கு ஒரே வீதியால் போய்வர வேண்டியிருக்கிறது. இது சலிப்பாக இருக்குமோ என்பதே மிச்சமிருக்கும் தயக்கம்.

நாவற்குழிச் சந்தி எழுதியது:

சலிக்காது ஐயா. முதல் நாள் போகும்போது பேசாமல் விட்டதை இரண்டாம் நாள் பேசலாம்: பண்ணைக் கடலின் இறால்கூடுகள், வேலணை வயல்கள், புங்குடுதீவின் பூட்டிய வீடுகள். ஆனால் நெடுந்தீவு நாளுக்கும் நயினாதீவு நாளுக்கும் இடையில் நகரத்துக்குள் ஓர் ஓய்வு நாளை வைக்க முடிந்தால் முதியவர்களுக்கு நல்லது. இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள்களின் ஒழுங்கை மாற்றினால் அது ஓரளவு கிடைக்கும்: நயினாதீவு இரண்டாம் நாள், நெடுந்தீவு நான்காம் நாள், நல்லூரும் வலிகாமமும் இடையில் மூன்றாம் நாள். காற்று மாறினாலும் நெடுந்தீவை ஐந்தாம் நாளுக்குத் தள்ள ஓர் இடைவெளி இருக்கும்.

மாவிலித்துறை எழுதியது:

அதுவே சரி. திகதி முடிவானதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கச்சதீவுத் திருவிழா நாளைப் பார்த்துக்கொண்டு படகையும் ஊருக்குள் வண்டிகளையும் பேசித் தருகிறேன். நன்னீர் எங்களிடம் அளவாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், வெற்றுப் போத்தல்களைத் திருப்பி எடுத்துச் செல்லவும் சொல்லுங்கள்.